கம்பிக்கு முன்னால் சுருதி

மதுரையை அடுத்த பரவையில், கிட்டார் கற்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு



பரவை என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவில் வருவது ஒரு குரல். 2003இல் வெளிவந்த ‘தூள்’ படத்தில் பாடி, திரையிலும் தோன்றி, ஒரே பாட்டில் வீடுதோறும் அறிமுகமானவர் பரவை முனியம்மா. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்த் திருவிழா மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வந்தவர். 2020 மார்ச் 29 அன்று காலமாகும்வரை இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்தார். அந்த ஊரில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி, அதிலும் மெட்டல் இசைக்கு எந்தக் கம்பி மாட்டுவது என்பதைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடியிருப்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

ஆனால் இதன் அடிப்படை இந்த மண்ணுக்குப் பழையது. ஆட்டத்துக்கு முன் பறையடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைக் காய்ச்சுவதை மதுரைப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. தோலில் இருக்கும் ஈரம் வற்றுகிறது. தோல் இறுகுகிறது. தொளதொளத்துக் கிடந்த சத்தம் தெறித்து எழுகிறது. விரலால் சுண்டிப் பார்த்து, போதாது என்றால் மறுபடியும் அனலில் காட்டுகிறார்கள். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை அவர்களுக்குக் காதுதான் சொல்கிறது. கிட்டார் கம்பியைத் தேர்ந்தெடுப்பதும் முழுக்க முழுக்க அந்த இறுக்கத்தைப் பற்றிய விஷயம்தான்.

இந்த மேசையில் இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி. கம்பியின் நீளமும் ஒன்றே. இடது பக்கம் இருப்பதில் ஆகத் தடித்த ஆறாவது கம்பியின் பருமன் 46, வலது பக்கம் இருப்பதில் 52. இரண்டிலும் அந்த ஆறாவது கம்பியை ‘ஈ’ சுரத்திலிருந்து ‘டி’ சுரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன். பேச்சு முழுவதும் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

இந்த எண்களின் பொருள் முதலில் தெரிய வேண்டும். கடையில் பிள்ளைகள் ‘நைன் செட்’, ‘டென் செட்’ என்று கேட்கிறார்கள். அது செட்டில் இருக்கும் மிக மெல்லிய கம்பியின் பருமன். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். 10 என்றால் கால் மில்லிமீட்டர். 46 என்றால் 1.17 மில்லிமீட்டர். 52 என்றால் 1.32 மில்லிமீட்டர். மதுரை நூல் மில்லுகளின் நகரம். ஹார்வி மில் காலத்திலிருந்து நூலின் ‘கவுண்ட்’ தெரிந்த குடும்பங்கள் இங்கே உண்டு. நாற்பதாம் நம்பர் நூலைவிட நூறாம் நம்பர் நூல் மெல்லியது என்பது அவர்களுக்குப் பாடம். கிட்டார் கம்பியில் கணக்கு தலைகீழ்: எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும்.

மெட்டல் கற்க ஆசைப்படும் பிள்ளை கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “மெட்டலுக்கு எந்த செட் நல்லது?” என்பதுதான். கேள்வியின் வரிசையிலேயே பிசகு இருக்கிறது. எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறோம், கிட்டாரின் கம்பி நீளம் என்ன, வாசிப்பவரின் கை எப்படிப்பட்டது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் பருமனைப் பற்றிப் பேச முடியும். கனத்த இசைக்குக் கனத்த கம்பி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மெட்டல் இசையின் வரலாறே அதற்கு நேர்மாறான ஒரு சம்பவத்தில் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1965இல், டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகத் தீர்மானித்துவிட்டதால் அன்றுதான் வேலைக்குக் கடைசி நாள். அன்று தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வலது கை மாட்டி, நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் துண்டாகிவிட்டன. அயோமி இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே கிட்டார் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். பட்டறையின் மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் அவர்.

அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிகளுக்குக் குப்பிகள் செய்துகொண்டார். கம்பி வழுக்காமல் இருக்க அதன் மேல் தோல் ஒட்டினார். ஆனால் அந்தக் குப்பிகளுக்குக் கம்பியின் தொடு உணர்வு கிடையாது. தடித்த கம்பியை அழுத்தினால் வலித்தது. அந்தக் காலத்தில் அங்கே மெல்லிய கிட்டார் கம்பிகள் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளை வாங்கிக் கிட்டாரில் மாட்டினார். 1970 பிப்ரவரி 13 அன்று அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெட்டல் என்ற இசைவகை அதிலிருந்து தொடங்குவதாகவே பலரும் கணக்கு வைக்கிறார்கள். 1971இல் வந்த மூன்றாவது தொகுப்பான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் பல பாடல்களுக்குக் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, இசைக்கு இருண்ட ஆழம் ஒன்று வந்து சேர்ந்தது. உலகம் அதுவரை கேட்டவற்றில் ஆகக் கனமான கிட்டார் ஓசை, எல்லோரும் வாசித்ததைவிட மெல்லிய கம்பியிலிருந்து வந்தது. அதைச் செய்தது காயம்பட்ட ஒரு கையின் தேவை.

மெல்லிய கம்பியைத் தேடிப் போனவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி பாலிடம் மாணவர்கள் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைய செட்டில் மூன்றாவது கம்பி 29 பருமனில் சுற்றுக் கம்பியாக இருந்தது. வளைத்து வாசிக்கவே முடியவில்லை. 1962இல் அவர் மெல்லிய செட்டைத் தானே செய்வித்து விற்கத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகெங்கும் வழக்கமாகிவிட்ட 10 முதல் 46 வரையிலான செட்டில் அந்த மூன்றாவது கம்பி 17 பருமனில் வெறும் எஃகுக் கம்பி. இன்று மதுரைக் கடையில் பையன் கேட்கும் ‘டென் செட்’ அந்த வழியில் வந்ததுதான்.

அப்படியானால் மெட்டல் குழுக்கள் ஏன் தடித்த கம்பியைத் தேடிப் போகின்றன? அதற்கு விடை 17ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636இல் வெளியிட்ட நூலில் கம்பியின் விதிகளைத் தொகுத்துச் சொன்னார். ஒரு கம்பி எழுப்பும் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் நீளம், இழுவிசை, எடை. கிட்டாரில் நீளம் மாறாது. சுருதியை இறக்கினால் இழுவிசை குறைந்தே தீரும்.

எண்ணாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஃபெண்டர் வகைக் கிட்டாரில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம். அதில் 10 முதல் 46 வரையிலான செட்டை வழக்கமான சுருதியில் மாட்டினால் ஒவ்வொரு கம்பியும் 7 முதல் 9 கிலோ எடை தொங்குவது போன்ற விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ 47 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டுக்குச் சற்றுக் குறைவான பாரத்தை அந்த ஒல்லியான மரக் கழுத்து இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. ஆறாவது கம்பிக்கு மட்டும் ஏறத்தாழ 8 கிலோ. அதை ‘டி’க்கு இறக்கினால் 6.3 கிலோ. ‘சி’க்கு இறக்கினால் 5 கிலோ. ‘பி’க்கு இறக்கினால் நாலரை கிலோ. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சுகிறது.

தளர்ந்த கம்பி சில வகை இசைக்கு நல்லதுதான். அயோமிக்கு நல்லதாக இருந்தது. மெட்டலின் பிற்காலக் கிளைகள் வேறு ஒன்றைக் கேட்கின்றன. வலது உள்ளங்கையின் ஓரத்தை, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் லேசாக வைத்து, பிக்கால் கீழ்நோக்கியே வேகவேகமாக அடிக்கும் ‘பாம் மியூட்’ வாசிப்பு அது. மெட்டாலிகாவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ கேட்டவர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஆணி அறைவது போல் விழ வேண்டும். கம்பி தளர்ந்திருந்தால், அடித்த கணத்தில் அது அதிகமாக விலகி, அந்தக் கணம் மட்டும் இறுகிச் சுருதி மேலே போய்விட்டுப் பிறகு இறங்கும். சாதாரணமாக வாசிக்கும்போது காது இதை மன்னித்துவிடும். ஒலியைக் கரகரக்கச் செய்யும் டிஸ்டார்ஷனைப் போட்டுவிட்டால் மன்னிக்காது.

அதற்கு ஒரு அழகான காரணம் இருக்கிறது. மெட்டல் கிட்டாரின் அடிப்படை ‘பவர் கார்ட்’. அதில் இருப்பது ஒரு சுரமும் அதன் பஞ்சமமும். நம் வழக்கில் ‘ச’வும் ‘ப’வும். தம்புராவில் மீட்டுவதும் இதே இரண்டு சுரங்களைத்தான். இவற்றின் அதிர்வெண்கள் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் நிற்கும். ஆறாவது கம்பியின் ‘ஈ’ நொடிக்கு 82.4 அதிர்வு, அதன் பஞ்சமம் ஏறத்தாழ 123.6. டிஸ்டார்ஷன் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வித்தியாசமான 41.2 அதிர்வையும் புதிதாக எழுப்புகிறது. அது ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் அதே ‘ஈ’. கிட்டாரில் எந்தக் கம்பியும் வாசிக்காத ஒரு மந்தர ஸ்தாயிச் சுரம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. நெஞ்சுக்கூட்டில் உணரும் அந்தக் கனம் பெரும்பாலும் அதுதான். ‘ச’வும் ‘ப’வும் துல்லியமாக நின்றால் அந்தக் கீழ்ச் சுரம் திடமாக நிற்கும். கம்பி தளர்ந்து ஒவ்வொரு அடியிலும் சுருதி வழுக்கினால் கீழ்ச் சுரமும் தள்ளாடும். கேட்பவர் அதைச் சேறு என்று உணர்வார்.

ஆகவே சுருதியை இறக்கினால் இழந்த இழுவிசையை எடையால் ஈடுகட்ட வேண்டும். இதற்கு மனக்கணக்கு ஒன்று போதும்: ஒரு அரைச்சுரம் இறக்கினால் கம்பி நூற்றுக்கு ஆறு பங்கு தடிக்க வேண்டும். ‘ஈ’யிலிருந்து ‘டி’ இரண்டு அரைச்சுரம். 46ஐ அப்படி இரண்டு முறை கூட்டினால் 52 வரும். மேசையில் வலது பக்கம் இருக்கும் கிட்டாரின் ஆறாவது கம்பி அதனால்தான் 52. ‘டி’க்கு இறக்கிய பிறகும் அது ஏறத்தாழ 8 கிலோ விசையில் நிற்கிறது, இடது பக்கத்தில் இருப்பது 6.3 கிலோவில் தளர்ந்து கிடக்கிறது.

இந்தக் கணக்கை வைத்துப் பொதுவான சுருதிகளைப் பார்த்துவிடலாம். வழக்கமான ‘ஈ’ சுருதிக்கு 9 முதல் 42, அல்லது 10 முதல் 46. ஆறாவது கம்பியை மட்டும் இறக்கும் ‘ட்ராப் டி’க்கு 10 முதல் 52, மேல் கம்பிகள் பழைய சுருதியிலேயே இருப்பதால் அவை மெல்லியதாகவே இருக்கலாம். ஆறையும் ‘டி’க்கு இறக்கினால் 11 முதல் 52. ‘சி’க்கு இறக்கினால் 12 முதல் 56, அல்லது 13 முதல் 58. ‘பி’க்குப் போனால் ஆறாவது கம்பி 60ஐத் தொட வேண்டும். இவை எல்லாம் 25.5 அங்குலக் கிட்டாருக்கு. கிப்சன் வகையில் நீளம் முக்கால் அங்குலம் குறைவு. அதே கம்பி அங்கே நூற்றுக்கு ஆறு பங்கு தளர்வாக இருக்கும். 27 அங்குல பாரிடோன் கிட்டாரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு இறுகும். கிட்டார் வாங்கும்போதே நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இறக்கினால்தான் மெட்டல் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நம் பக்கத்து மேடைகளே பதில் சொல்லியிருக்கின்றன. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயன் மெய்டன் வாசித்தது. அந்தக் குழுவின் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை வழக்கமான ‘ஈ’ சுருதி. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஸ்வீடனின் ஓபெத் வாசித்தது. அடித்தொண்டையிலிருந்து உறுமும் குரலோடு வரும் அவர்களுடைய பாடல்களிலும் பெரும்பகுதி அதே ‘ஈ’ சுருதிதான். 2011 அக்டோபர் 30 அன்று அதே பெங்களூரு மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தது. பல ஆண்டுகளாக அவர்கள் மேடையில் இறக்குவது ஒரே ஒரு அரைச்சுரம். இந்த மூன்று மேடைகளிலும் ஒலித்த பெரும்பாலான பாடல்களைப் பரவையில் ஒரு பிள்ளை பத்தாம் நம்பர் செட்டை வைத்துக்கொண்டே பழகலாம்.

மறுபக்கமும் உண்டு. லிவர்பூலின் கார்காஸ் 1993இல் ‘ஹார்ட்வொர்க்’ தொகுப்பை ‘பி’ சுருதியில் வாசித்தது. 1994இல் கார்ன் குழுவின் முதல் தொகுப்பு ஏழு கம்பிக் கிட்டாரை ‘ஏ’ வரை இறக்கியது. ஸ்வீடனின் மெஷுகா, கம்பி நீளம் கூடிய எட்டுக் கம்பிக் கிட்டாரில் கீழ் ‘எஃப்’ வரை போனது. அங்கே கம்பியின் பருமன், கிட்டாரின் நீளம் இரண்டுமே கூட வேண்டியிருக்கிறது. கம்பியை மட்டும் தடிப்பாக்கிக்கொண்டே போனால் அது கம்பி என்ற நிலையிலிருந்து இரும்புத் தண்டு என்ற நிலைக்கு நகர்ந்து, விறைத்து, மேல் அதிர்வுகள் சுருதி விலகிக் கேட்கும்.

அந்த விறைப்பைக் குறைக்கக் கண்டுபிடித்ததுதான் சுற்றுக் கம்பி. ஆறாவது கம்பியை நறுக்கி, வெட்டிய முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நடுவில் மெல்லிய எஃகு இழை தெரியும். பெரும்பாலும் அது அறுகோண வடிவில் இருக்கும். அந்த ஆறு விளிம்புகளும் மேலே சுற்றிய கம்பியைப் பல் போலக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இழுவிசையைத் தாங்குவது உள்ளிழை. எடையைக் கொடுப்பது மேல் சுற்று. உள்ளிழை மெல்லியதாக இருப்பதால் கம்பி வளைந்து கொடுக்கிறது. மேல் சுற்று இருப்பதால் கனத்து ஒலிக்கிறது.

நரம்பை இப்படி அவிழ்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வரும் சீவகன், தன்னிடம் நீட்டிய யாழ்களை ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் கிடந்து கெட்டது, ஒன்று தீயில் வெந்தது, ஒன்று இடி விழுந்த மரம் என்று குற்றம் காட்டுகிறான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து, உள்ளே மயிர் கலந்திருப்பதையும் எடுத்துக் காட்டுகிறான். நரம்புக்குரிய குற்றங்கள் நான்கு என்று நம் இசை மரபு வகுத்திருக்கிறது: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புரி ஒழுங்காக இல்லாதது, வேற்றுப் பொருள் கலந்தது, பிசிறு எழுந்தது, முறுக்கு மிகுந்தது என்று அவற்றைப் புரிந்துகொள்ளலாம். கருவியை வாசிக்கும் முன் நரம்பைச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாணர் வாழ்ந்த நாட்டின் பாடம். மெட்டல் கற்கும் பிள்ளைக்கும் அது அப்படியே பொருந்தும். புதுக் கம்பியை விரல்களுக்கு இடையே மெல்ல உருவிப் பார்த்தால் சுற்று தளர்ந்த இடம், பிசிறு, மடிப்பு எல்லாம் தட்டுப்படும். மடிப்பு விழுந்த கம்பி எவ்வளவு முறுக்கினாலும் சுத்தமாக நிற்காது.

வீணைக்காரர்களும் இதே கணக்கில்தான் நடக்கிறார்கள். சாரணியும் பஞ்சமமும் வெறும் எஃகுக் கம்பி. மந்தரமும் அனுமந்தரமும் சுற்றுக் கம்பி. தன் குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றும் வீணைக் கலைஞர் கம்பியின் பருமனையும் மாற்றிக்கொள்வார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட வாத்தியத்தை ஒற்றைக் கம்பிகள் ஐந்தாக மாற்றி, எலெக்ட்ரிக் ஆக்கி, அதில் கமகம் பேச வைத்தார். இசை என்ன கேட்கிறது என்பதை முதலில் தீர்மானித்து, பிறகு கம்பியைத் தேடியவர் அவர்.  

இனி உலோகம். பெரும்பாலான செட்டுகளில் மேல் சுற்று, நிக்கல் பூசிய எஃகு. பளிச்சென்ற ஒலியும் விரலுக்கு வழவழப்பும் சேர்ந்து கிடைப்பதால் மெட்டல் வாசிப்பவர்களில் பலர் இதையே எடுக்கிறார்கள். துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கூர்மையாக ஒலிக்கும். ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும். சுத்த நிக்கல் மென்மையானது, பழைய ராக் பாடல்களுக்கு உகந்தது. இறக்கிய சுருதியில் டிஸ்டார்ஷனோடு வாசிக்கும்போது விளிம்பு மழுங்கிவிடும்.

மதுரை வெயிலில் இன்னொரு விஷயம் சேருகிறது. சித்திரை வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தால் கம்பியெல்லாம் வியர்வை. வியர்வையின் உப்பு எஃகை அரிக்கிறது; சுற்றுகளுக்கு இடையே அழுக்கு சேர்ந்து கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறுகிறது; ஒலி மங்குகிறது. சில பிள்ளைகளின் கையில் ஒரே வாரத்தில் கம்பி கறுத்துவிடும். பிளாஸ்டிக் போன்ற மெல்லிய படலம் பூசிய கம்பிகளை எலிக்சர் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். அதை வாங்க முடியாதவர்களுக்கு ஒரு பழைய வேட்டித் துணி போதும். வாசித்து முடித்ததும் கம்பியின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் துடைத்துவிட்டுப் பையில் வைக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு வாசிக்க உட்காருவதும் கம்பியின் ஆயுளைக் கூட்டும்.

தடித்த கம்பி சீக்கிரம் அறாது என்று பலர் நம்புகிறார்கள். சுற்றில்லாத எஃகுக் கம்பியைப் பொறுத்தவரை இது சரியில்லை. அதே நீளத்தில் அதே சுருதிக்கு முறுக்கும்போது, தடித்த கம்பி தடிப்புக்கு ஏற்றபடி கூடுதல் விசையை வாங்கிக்கொள்கிறது. எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் பாரம் மெல்லியதிலும் தடித்ததிலும் ஒன்றே. கம்பி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடத்தில் கூர்மையான பிசிறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பருமனை மாற்றிய பிறகு கிட்டாரை அப்படியே விட்டுவிடக் கூடாது. 46 இருந்த பள்ளத்தில் 52ஐ உட்கார வைத்தால் தலைப்பக்கத்து நட்டில் அது கவ்விக்கொள்ளும். சுருதி ஆணியை முறுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், சுருதி தாவும். அந்தப் பள்ளத்தை அதற்குரிய அரத்தால் மெல்ல அகலப்படுத்த வேண்டும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகி வளைவைச் சரிசெய்ய வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகக் கூடாது. பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் அதே இடத்தில் தொட்டெடுக்கும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பிரிட்ஜில் கம்பி தாங்கும் துண்டை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள ஃபிளாய்ட் ரோஸ் வகையில் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் கம்பிகளின் மொத்த விசையோடு சமன் செய்து நிற்கின்றன. புது செட் போட்டதும் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு மிதக்காத பிரிட்ஜே நிம்மதி.

கடையில் வாங்கும்போது போலிகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. டி’அடாரியோ செட்டைப் பிரித்தால் கம்பிகளின் குண்டு முனைகள் நிறம் நிறமாக இருக்கும்: முதல் கம்பிக்கு வெள்ளி, இரண்டாவதுக்கு ஊதா, மூன்றாவதுக்குப் பச்சை, நான்காவதுக்குக் கருப்பு, ஐந்தாவதுக்குச் சிவப்பு, ஆறாவதுக்குப் பித்தளை. நிறத்தை மட்டும் பார்த்துப் போலி இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது, நிறத்தையும் நகல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்த விலை, மங்கிய அச்சு, கசங்கிய உறை ஆகியவை தெரிந்தால் அந்த செட்டைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கை என்ற மூன்றாவது விஷயம் பெற்றோர் கவனிக்க வேண்டியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 12 முதல் 56 வரையிலான செட்டை மாட்டி, மெட்டல் என்றால் இப்படித்தான் என்று சொன்னால் விரல் நுனி கொப்பளித்து, மணிக்கட்டு வலித்து, ஆறு மாதத்தில் கிட்டார் பரணில் ஏறிவிடும். ஒன்பதாம் நம்பர் செட்டில் தொடங்கி வழக்கமான சுருதியில் பழகட்டும். ஒரு வருடம் கழித்து, அடி வலுவாகி, கம்பி தளர்வாகத் தெரியும்போது பத்துக்குப் போகட்டும். ‘ட்ராப் டி’ வாசிக்கும் ஆசை வரும்போது ஆறாவது கம்பியை மட்டும் தனியாக 52க்கு மாற்றிப் பார்க்கலாம். கடையில் ஒற்றைக் கம்பியும் கிடைக்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய உறையின் மேல் தேதியையும் சுருதியையும் எழுதி வைக்கும் பிள்ளைக்கு, இரண்டு வருடத்தில் தன் கை எந்த எண்ணை விரும்புகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இனி மேசைக்கு வரலாம். ஆம்ப்ளிஃபையர் தயாராக இருக்கிறது. இரண்டு கிட்டாருக்கும் ஒரே டிஸ்டார்ஷன் அளவு. பிள்ளைகள் வரிசையாக வரட்டும். முதலில் இடது பக்கக் கிட்டார். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் வைத்து, ஆறாவது கம்பியை எட்டு முறை கீழ்நோக்கி அடித்து, அடிக்கும் கணத்தில் சுருதி மேலே ஏறி இறங்குவதைக் கேட்கலாம். பிறகு வலது பக்கக் கிட்டாரில் அதே எட்டு அடி. பெற்றோர்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து நின்றால், எந்தக் கம்பியும் வாசிக்காத அந்தக் கீழ்ச் சுரம் அவர்களுக்கும் கேட்கும்.